மிச்ச உயரம்

கிளைடர் ஓட்டுபவர்கள் இருவர் புதிதாகச் சந்தித்தால், பெயரைக் கேட்ட கையோடு கேட்பது "என்ன ஓட்டுகிறாய்?" என்பதைத்தான். மாடலைச் சொன்னதும் எதிராளி மனதில் ஓர் எண் வந்து நிற்கும். காற்றே வீசாத வானில் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து புறப்பட்டால், என்ஜின் இல்லாத அந்த விமானம் எத்தனை கிலோமீட்டர் சறுக்கிப் போய்த் தரையைத் தொடும் என்ற எண். சறுக்கு விகிதம் என்பார்கள். 1957இல் முதலில் பறந்த கா 8க்கு அது 27. 1980இல் வந்த எல்.எஸ். 4க்கு ஏறக்குறைய 40. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 30.9 மீட்டர் இறக்கை விரியும் ஈட்டாவுக்கு 70 வரை சொல்கிறார்கள். எண்ணுக்குத் தகுந்த மரியாதை எதிராளி முகத்தில் தெரியும். 27 என்றால் ஒரு கனிவான புன்னகை கிடைக்கும்.

அந்தப் புன்னகையை நான் நிறைய வாங்கியிருக்கிறேன். தெற்கு ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்த்த ஆண்டுகளில், ஷ்வெபிஷே ஆல்ப் மேட்டின் விளிம்பில் இருந்த ஒரு சிறிய கிளப்பில் சேர்ந்தேன். இது பனி மூடிய ஆல்ப்ஸ் இல்லை. கடல்மட்டத்துக்கு மேல் எழுநூறு, எண்ணூறு மீட்டரில் கிடக்கும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். மழைத்தண்ணீர் கல்லிடுக்கு வழியே கீழே இறங்கிவிடுவதால் மேல்மண் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த நிலம் சீக்கிரம் சூடாகும். பள்ளத்தாக்கில் இன்னும் பனிமூட்டம் கலையாதபோதே மேட்டின் மேல் தெர்மல், அதாவது மேலெழும் சூடான காற்று, கிளம்பி, முதல் பஞ்சுமேகம் உருவாகிவிடும். கிளைடர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல ஊர் ஐரோப்பாவில் குறைவு.

அங்கே கிளைடர் ஓட்டுவது பணக்காரர் பொழுதுபோக்கும் இல்லை. முதல் உலகப்போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மானியர்களின் என்ஜின் விமானங்களுக்குக் கடிவாளம் போட்டது. என்ஜின் இல்லாத விமானத்துக்குத் தடை இருக்கவில்லை. 1920இல் ரோன் மலைகளில் வாசர்குப்பே உச்சியில் மாணவர்களும் தச்சர்களும் போர் முடிந்து வந்த விமானிகளும் கூடிப் போட்டி நடத்த ஆரம்பித்ததில் இருந்து, ஊருக்கு ஊர் கிளப் முளைத்தது. எங்கள் கிளப்பிலும் ஆசிரியர்கள் சம்பளம் வாங்குவதில்லை. குளிர்காலம் முழுக்கப் பட்டறையில் மணிக்கணக்காக உப்புத்தாள் தேய்த்தால்தான் கோடையில் பறக்கலாம். பறக்கிற நாளிலும் பத்து நிமிடம் வானத்தில் இருக்க, பாதி நாள் தரையில் மற்றவர்களுடைய கிளைடரைத் தள்ள வேண்டும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கடைசல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எழுபதைத் தாண்டியவர். கிளப்பில் எல்லோரும் எல்லோரையும் 'நீ' போட்டுத்தான் பேச வேண்டும் என்பது எழுதாத சட்டம். அவரை அப்படிக் கூப்பிட எனக்கு ஒரு கோடை முழுவதும் வாய் வரவில்லை. இரட்டை இருக்கை ஏ.எஸ்.கே. 21இல் பயிற்சி முடிந்ததும் என்னைக் கா 8இல் உட்கார வைத்தார். இரண்டையும் வடிவமைத்தவர் ருடால்ஃப் கைசர் என்ற ஒரே ஆள். இரண்டுமே வாசர்குப்பே அடிவாரத்துப் போப்பன்ஹவுசனில், ஷ்லைகர் தொழிற்சாலையில் பிறந்தவை. கா 8க்கு எஃகுக் குழாய்ச் சட்டம், மர இறக்கை, மேலே துணி. உட்கார்ந்தால் பழைய வார்னிஷ் வாசனை வரும். காக்பிட்டை மூடும் கண்ணாடிக் கேனோபியின் வெளிப்பக்கம் ஒரு விரல் நீளச் சிவப்புக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். கிளைடர் பக்கவாட்டில் வழுக்கினால் நூல் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். ஈட்டாவிலும் அதே நூல்தான். அந்தக் கருவிக்கு இன்றுவரை மாற்று வரவில்லை.

கா 8இல் வேகம் குறைவு என்பதால் வானமே கிட்டத்தில் இருக்கும். அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் சின்ன வட்டம் போட்டால் குறுகலான தெர்மலின் நடுவிலேயே நிற்கலாம். அறுவடைக் காலத்தில் அறுநூறு மீட்டர் உயரத்தில் வைக்கோல் வாசனை வரும். கீழே நிலத்தில் சூடான காற்று அப்படியே அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும். சாண வாசனையும் வரும், அதுவும் நல்ல சகுனம்தான். பிளந்த வாலுள்ள சிவந்த பருந்து ஒன்று ஒருநாள் என் வட்டத்துக்குள்ளேயே, உள்பக்கமாக, என்னைவிடச் சிறிய வட்டம் போட்டு ஏறியது. உடம்பு அசையவில்லை, தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தது. இரண்டு சுற்றில் என் தலைக்கு மேலே போய்விட்டது. எந்த எண்ணிக்கையிலும் வராத சந்தோஷம் அது. கா 8ஐவிட வேகமான எதிலும் இருந்திருந்தால் அந்த வட்டத்தை விட்டு வெளியே போயிருப்பேன்.

ஆனால் நெடுந்தூரம் போக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் 27 என்ற எண் உறுத்த ஆரம்பிக்கும். வெள்ளிப் பதக்கச் சின்னத்துக்கு மூன்று காரியம் செய்ய வேண்டும்: ஐந்து மணி நேரம் வானில் நிற்பது, 1000 மீட்டர் உயரம் ஏறுவது, 50 கிலோமீட்டர் தூரம் பறப்பது. தூரத்துக்கு நான் கிளிப்பனெக் தளத்தைக் குறிவைத்தேன். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், மேட்டின் தென்மேற்கு விளிம்பில் இருக்கிறது. அந்த ஊரில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான். அதாவது நேர் எதிரே.

எதிர்க்காற்று என்ன செய்யும் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். கா 8 தன் 27ஐக் காட்டுவது மணிக்கு 73 கிலோமீட்டர் வேகத்தில். எதிரே 25 கிலோமீட்டர் காற்று அடித்தால் தரையில் நகர்வது 48 மட்டுமே. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் கிடைப்பது 27 கிலோமீட்டர் அல்ல, 18. எல்.எஸ். 4 நூறு கிலோமீட்டர் வேகத்தில் 40 கொடுக்கும். அதே காற்றில் அதற்கு 30. காகிதத்தில் ஒன்றரை மடங்கு வித்தியாசம், காற்றடிக்கும் நாளில் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. போட்டிகளில் கிளைடருக்குக் கிளைடர் ஒரு குணகம் வைத்து, மெதுவானவற்றின் தூரத்தைக் கூட்டிப் புள்ளி போடுவார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அடுத்த மேகம் 22 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 18இல் நின்றுபோனவனை எந்தக் குணகமும் அங்கே கொண்டு சேர்க்காது.

நானும் சேரவில்லை. ஆல்ப்ஷ்டட் ஊருக்கு முன்னால் மேகவரிசை அறுந்து, நீலமான ஓட்டை ஒன்று கிடந்தது. பாதியில், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோமீட்டர் முள் கீழே படுத்துக்கொண்டது. ஆசிரியர் சொல்லிக்கொடுத்திருந்த வரிசை தானாக ஓட ஆரம்பித்தது. அறுநூறு மீட்டரில் வயல்கள் நிறைந்த பக்கமாகப் போ. நானூறில் வயலைத் தேர்ந்தெடு. முந்நூறுக்குக் கீழே தெர்மல் என்ற வார்த்தையே கிடையாது. வாற்கோதுமை அறுத்த தாள்கட்டை வயல் ஒன்று, லேசாக மேலேறும் சரிவோடு, காற்றை நோக்கிக் கிடந்தது. கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடு என்பார். கம்பம் சாலையின் அந்தப் பக்கம் இருந்தது. பக்கத்தில் ஆளுயர மக்காச்சோளம், அதை விலக்கினேன். ஏர்பிரேக்கை இழுத்து, மேலேறும் சரிவில் மூக்கைத் தூக்கி உட்கார வைத்தபோது, உருண்டது எழுபது எண்பது அடிதான் இருக்கும். பிறகு முழு நிசப்தம். ஒரு வானம்பாடி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

டிராக்டரில் ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு வந்தார். அடிபட்டதா என்று கேட்டார், அப்புறம் எங்கே போகப் பார்த்தாய் என்று கேட்டார். கிளிப்பனெக் என்றதும் தென்மேற்கே கையைக் காட்டி, "காரில் அரைமணி நேரம்தான்" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே உதவுகிற தொனி. பிள்ளைகள் முறைவைத்து காக்பிட்டில் உட்கார்ந்தார்கள். டிரெய்லரோடு கிளப்பிலிருந்து மூன்று பேர் வந்து சேர மாலையாகிவிட்டது. வால் சிறகைக் கழற்றி, இறக்கையைப் பிடித்திருக்கும் முள்ளாணிகளை உருவி, ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றி முடித்ததும், வழக்கப்படி மீட்க வந்தவர்களுக்கு என் செலவில் சாப்பாடு. ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸும் பருப்பும். சேராத தூரத்துக்காக அன்றைக்கு யாருமே வருந்தியதாக நினைவில்லை. கிளிப்பனெக் பிறகு ஒரு கிழக்குக் காற்று நாளில் கைகூடியது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சில ஆண்டு கழித்து எல்.எஸ். 4க்கு மாறினேன். வழுவழுப்பான வெள்ளைக் கண்ணாடியிழை, மல்லாந்து படுத்த நிலையில் இருக்கை, இறக்கைக்குள் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிரப்பும் வசதி. எடை கூடினால் அதே சறுக்கு விகிதம் இன்னும் அதிக வேகத்தில் கிடைக்கும். தெர்மல் பலமாக இருந்தால் அடுத்த மேகத்துக்கு எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் பால் மெக்ரீடி. 1956இல் உலக சாம்பியனானவர். பின்னாளில் மனிதக் காலால் மிதித்துப் பறக்கும் கொசாமர் காண்டரைச் செய்தவரும் அவர்தான். அந்தக் கணக்கு இப்போது ஒவ்வொரு காக்பிட்டிலும் சின்னக் கணினியாக உட்கார்ந்திருக்கிறது. அதன்படி ஓடினால் 300 கிலோமீட்டர் முக்கோணம் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பொய் சொல்லக் கூடாது, அதுவும் பெரிய சந்தோஷம். டான்யூப் ஆறும், நிலத்துக்கு மேல் நிற்கும் பாறை விளிம்பும், தூரத்தில் உண்மையான ஆல்ப்ஸின் வெள்ளைக் கோடும் ஒரே பார்வையில் கிடைக்கும். என் வாற்கோதுமை வயலுக்கு மேலாக 140 கிலோமீட்டர் வேகத்தில் போனேன். கடந்த பிறகுதான் அது எங்கே என்று தேடினேன்.

எல்.எஸ். 4 பாதுகாப்பானதா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. 40 என்பது 27ஐவிடப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வாதத்தில் நியாயம் இருக்கிறது. சறுக்குத் தூரம் கூடினால் வயலில் இறங்க வேண்டிய அவசியம் குறையும், நல்ல வயலைத் தேடிப் போக நேரமும் கிடைக்கும். புதிய கிளைடர்களுக்கு இன்னொரு கொடையும் உண்டு. 1987இல் பறந்த ஏ.எஸ்.டபிள்யூ. 24இல் கெர்ஹார்ட் வைபெல் மோதலைத் தாங்கி நசுங்கிக்கொடுக்கும் காக்பிட்டைக் கொண்டுவந்தார். பிந்திய மாடல்களில் இறக்கையைப் பூட்டும்போதே கட்டுப்பாட்டுக் கம்பிகளும் தானாக இணைந்துகொள்ளும். கா 8இல் கையால் இணைக்க வேண்டும். ஒருவர் காக்பிட்டில் ஸ்டிக்கைத் தள்ள, இன்னொருவர் வெளியே சிறகைப் பிடித்து எதிர்த்து அழுத்திச் சரிபார்க்காமல் நாங்கள் ஒருநாளும் பறந்ததில்லை. இணைக்க மறந்து செத்தவர்கள் இருக்கிறார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. கா 8 அறுபதில் தரை தொடும் இடத்தில் கண்ணாடியிழைக் கிளைடர் எண்பதில் தொடும். மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அந்த இருபது கிலோமீட்டர் மோதலைக் கிட்டத்தட்ட 1.8 மடங்காக்கிவிடும். சறுக்குத் திறனுக்காக எதையும் விட்டுக்கொடுக்கத் துணிந்த காலம் ஒன்றும் இருந்தது. ஹான்ஸ்-வெர்னர் குரோஸ 1972இல் வடக்கே லூபெக்கில் கிளம்பி பிரான்ஸின் பியாரிட்ஸ் வரை 1460 கிலோமீட்டர் ஒரே நாளில் பறந்த ஏ.எஸ்.டபிள்யூ. 12க்கு ஏர்பிரேக்கே கிடையாது. இறங்கும்போது வாலிலிருந்து ஒரு பாராசூட் விரியும், அவ்வளவுதான் பிரேக். விரியாவிட்டால்? அதைக் கேட்டவர்கள் அந்தக் கிளைடரை வாங்கவில்லை.

ஆனால் நான் கண்ணால் பார்த்த ஆபத்து கிளைடரின் உடம்பில் இல்லை, கூடுதல் திறனை நாங்கள் என்ன செய்தோம் என்பதில் இருந்தது. சம்பளம் கூடியதும் செலவும் கூடிவிடுவதைப் போல, 27 நாற்பதானதும் எல்லோரும் நாற்பதையும் செலவழிக்கத் தொடங்கினார்கள். கா 8 ஓட்டும்போது தளத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி எழுநூறு மீட்டர் உயரம் இல்லையென்றால் நின்று ஏறிவிட்டுத்தான் போவேன். அதே ஆள் எல்.எஸ். 4இல் 25 கிலோமீட்டர் தள்ளியிருந்து, கணினி 'போகலாம்' என்றதும் கிளம்பிவிடுகிறான். தரைக்கு மேல் மிச்சம் இரண்டிலும் ஒன்றேதான். எண் வளர்ந்தது, மிச்சம் வளரவில்லை.

எங்கள் கிளப்பில் சொந்தமாக 18 மீட்டர் இறக்கைக் கிளைடர் வைத்திருந்தவர் ஒருவர், மிக நல்ல விமானி. வீடு திரும்பும் சறுக்கில் கணினி காட்டும் மிச்சத்தை ஐம்பது மீட்டருக்குக் குறைத்து வைத்திருந்தார். வேலிக்கு மேல் சீறிக்கொண்டு வந்து இறங்கும்போது இளைஞர்கள் கைதட்டுவார்கள். ஒரு மாலை, தளத்துக்கு முன்னால் இருந்த பள்ளத்தாக்கில் காற்று கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இது எந்தக் கணினிக்கும் முன்கூட்டித் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளத்தில் ஒரு இறக்கை முனை சிக்கி, கிளைடர் அப்படியே சுழன்று வால் முறிந்தது. அவருக்குக் கணுக்காலோடு போயிற்று. என் ஆசிரியர் அன்று ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் நான் பறக்கப் போகும்போது கேனோபியைப் பிடித்துக்கொண்டு, "இருபத்தேழோ நாற்பதோ எனக்கு வேண்டாம். மரத்துக்கு மேல் எவ்வளவு வைத்துக்கொண்டு வருவாய், அதைச் சொல்" என்றார். "இருநூறு" என்றேன். மூடிவிட்டுப் போனார்.

பெரிய ஆட்களும் ஆபத்திலிருந்து தப்பவில்லை. மூன்று முறை உலக சாம்பியனான ஹெல்முட் ரைக்மான், நெடுந்தூரப் பறத்தலுக்கு உலகமே பாடமாக வைத்திருக்கும் புத்தகத்தை எழுதியவர், 1992இல் நடுவானில் இன்னொரு கிளைடரோடு மோதி இறந்தார். ஷெம்ப்-ஹிர்த் தொழிற்சாலையின் தலைவரும் வடிவமைப்பாளருமான கிளவுஸ் ஹோலிக்ஹவுஸ் 1994இல் ஆல்ப்ஸில் விழுந்து இறந்தார். முன்னணிப் போட்டி விமானி புருனோ கான்டன்பிரிங்க் 1993இலேயே ஓர் உரையில் பூசிமெழுகாமல் பேசிவிட்டார். தளத்துக்குக் காரில் வருவதுதான் பறத்தலின் ஆபத்தான பகுதி என்று கிளைடர்க்காரர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் வெறும் அபத்தம். தளத்துக்கு வரும் வழியில் நண்பர் எவரையும் இழக்கவில்லை, கிளைடரில் பலரை இழந்திருக்கிறேன் என்பது அவர் பேச்சின் சாரம். எங்கள் கிளப் அறையில் அந்த உரையின் நகல் ஒன்று காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருந்தது. காபி கறை படிந்த பக்கம் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

எண்ணைக் கைவிட்டு எல்லோரையும் சமமாகப் பறக்க வைக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. தொண்ணூறுகளில் உலக வகுப்பு என்று ஒன்றை உருவாக்கி, வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பி.டபிள்யூ.-5ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 13.44 மீட்டர் இறக்கை, எளிதான கட்டுமானம், மெதுவான தரையிறக்கம், எல்லோருக்கும் ஒரே கிளைடர். கிளப்புகளில் நிறையப் பேர் அதன் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். அதே விலைக்கு, எண் கூடுதலான பழைய கண்ணாடியிழைக் கிளைடர் கிடைத்ததும் ஒரு காரணம். உலக வகுப்பு பின்னர் முடிவுக்கு வந்தது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் ஷ்வைசர் தொழிற்சாலை ஏறக்குறைய 700 உருவாக்கிய 1-26க்குச் சறுக்கு விகிதம் வெறும் 23. அதற்கென்று தனிச் சங்கம், தனிச் சாம்பியன்ஷிப்பே நடக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் என் புத்திக்கு எட்டிய வரை இதுதான்: ஒன்று மேலிருந்து கொடுக்கப்பட்டது, மற்றதைச் சுற்றி ஏற்கெனவே நண்பர்கள் இருந்தார்கள்.

எங்கள் கிளப்பின் ஆண்டுக் கூட்டத்திலும் இந்த விவகாரம் வந்தது. கா 8ஐ விற்றுவிட்டு, கடன் வாங்கி இன்னொரு எல்.எஸ். 4 வாங்கலாம் என்று ஒரு தீர்மானம். ஆதரித்தவர்கள் சொன்னதில் தப்பில்லை: இளைஞர்கள் தூரம் போக ஆசைப்படுகிறார்கள், இல்லையென்றால் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள். பதினாலு வயதிலேயே தனியாகப் பறக்க அனுமதி உள்ள நாடு அது. அந்தக் கோடையில்தான் தனியாகப் பறந்திருந்த ஒரு பெண், தன்னைக் கா 8இல் விடாமல் அதை விற்கக் கூடாது என்று எழுந்து சொன்னாள். பொருளாளர் பேச்சைச் சுருக்கினார்: கா 8 விற்கிற காசு எல்.எஸ். 4க்கு ஒரு டிரெய்லர் வாங்கவும் பத்தாது, கா 8இன் காப்பீடும் சில்லறைக் காசு. கை தூக்கி வாக்கெடுத்ததில் விற்பனை தள்ளிப்போனது.

உடனே பட்டறைப் பொறுப்பாளர் எழுந்து, அப்படியானால் இடது இறக்கையின் துணியை இந்தக் குளிர்காலத்திலேயே மாற்றியாக வேண்டும், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டு ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். அது என்னிடம் வந்தபோது, கணுக்கால் முறிந்த 18 மீட்டர்க்காரர் பெயர் முதல் வரியில் இருந்தது. அடுத்த வரியில் என் பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் நீட்டினேன். அவள் எட்டு மணியை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினாள்.